லேப் நோட்டுகளைத் திறந்து வையுங்கள்



நாங்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அறிவியல் கற்பிப்பவர்கள், ஆய்வு மாணவர்கள். மக்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுகளின் லேப் நோட்டுகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். இந்தக் கோரிக்கைக்கு உங்கள் குரலும் வேண்டும். ஆய்விதழில் அச்சாகும் கட்டுரையை மட்டும் சொல்லவில்லை. அன்றன்று எழுதிய குறிப்புகள், கருவி காட்டிய அளவுகள், கைகூடாமல் போன சோதனைகள் எல்லாமே வெளியே வர வேண்டும்.

கைகூடாதவை எதற்கு என்று கேட்கலாம். கட்டுரையில் இடம்பெறுவது பலித்த வழி மட்டும்தான். அதற்கு முன் பலிக்காமல் போனவை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வேறொரு ஊரில் ஒரு மாணவி அதே வேதிப்பொருளை வாங்கி, அதே வழியில் போய், அதே இடத்தில் முட்டி நிற்கிறாள். அவளுடைய உதவித்தொகைக் காலம் கரைகிறது. கூடவே உங்கள் வரிப்பணமும்.

திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிராசிகுவான்டெல் மாத்திரையின் கதை போதும். நத்தைகள் வாழும் நன்னீரில் இறங்குபவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போகும் ஒரு புழு, ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களை நோயாளிகளாக்குகிறது. அதற்கான மருந்து இது. இதன் மூலக்கூறு இடக்கையும் வலக்கையும் போல இரு வடிவங்களில் கலந்தே வரும். ஒன்று புழுவைக் கொல்லும். மற்றொன்றால் பயனில்லை, கசப்பும் பெரும்பாலும் அதனுடையதுதான். குழந்தைகள் துப்பிவிடுகிறார்கள். வேண்டியதை மட்டும் மலிவாகப் பிரித்தெடுக்க வழி தேடிய சிட்னி பல்கலைக்கழகத்தின் மேத்யூ டாட் குழு, தன் சோதனைகளை நடக்க நடக்க இணையத்தில் எழுதிவந்தது. சிக்கிக்கொண்ட இடங்களையும் மறைக்கவில்லை. முன்பின் அறியாத வேதியியலாளர்கள் படித்தார்கள், யோசனை சொன்னார்கள். பலர் தனியார் தொழில்துறையில் வேலை பார்ப்பவர்கள். நெதர்லாந்து நிறுவனம் ஒன்று தானாகவே சோதனை செய்து பார்த்து உதவியது. கடைசியில், நம் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் வழிவந்த ஒரு சேர்மத்தைக் கொண்டு பிரிக்கும் முறை கிடைத்தது. 2011இல் அது கட்டுரையாகவும் வந்தது. அந்த நோட்டு பூட்டிக் கிடந்திருந்தால், உதவ மனமிருந்தவர்களுக்கு உதவி தேவை என்பதே தெரிந்திருக்காது.

இப்படித் திறந்து வைத்ததற்கு வேறு சான்றுகளும் உண்டு. மனித மரபணுத் தொகுப்பின் வரிசையைப் படித்தவர்கள் 1996இல் பெர்முடாவில் கூடி, படித்த பகுதிகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வெளியான சில நாட்களிலேயே பரிசோதனை முறையை உருவாக்கவும் தடுப்பூசி வேலையைத் தொடங்கவும் முடிந்தது. நம் நாட்டிலும் மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2008இல் காசநோய் மருந்துக்காகத் திறந்த ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்தில் இன்று எவரும் படிக்கலாம். ஆய்வேட்டைத் திறக்க முடிந்த நமக்கு, அதற்கு அடிப்படையான நோட்டைத் திறப்பது இயலாத காரியமல்ல.

யாராவது திருடிவிட்டால் என்ற அச்சம் எங்கள் இளையவர்களுக்கு உண்டு. பட்டமும் வேலையும் கட்டுரையைப் பொறுத்தே அமைவதால் அது நியாயமான அச்சம். ஆனால் தேதியோடு எல்லோர் கண்ணிலும் படும் பக்கமே, முதலில் செய்தவர் யார் என்பதற்கு நல்ல சாட்சி. பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் இத்தகைய பதிவுகளுக்குப் பல்கலைக்கழகங்கள் மதிப்பளிக்க வேண்டும். திறந்து வைப்பதற்கு விதிவிலக்குகளும் உண்டு: நோயாளிகளின் அடையாளம், அரிய செடிகளும் பறவைகளும் இருக்கும் இடம், பழங்குடியினர் நம்பிச் சொன்ன மருத்துவ அறிவு ஆகியவற்றை வெளியிடக் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

உங்கள் பிள்ளை ஆய்வு மாணவராக இருந்தால், அவருடைய பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று கேளுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்தால், ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் ஆணையிலேயே நோட்டை வெளியிடும் நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம்: பரணில் கிடக்கும் பழைய நோட்டுகளைப் பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்த ஆய்வு என்று முதல் பக்கத்தில் எழுதி, நீங்கள் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.