கொழுக்கட்டைப் புல் கொளுத்தும் பாலைவனம்

காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லுக்குத் தனி மரியாதை உண்டு. மழை பொய்த்தாலும் தூர் பட்டுப்போகாது. இரண்டு தூறல் விழுந்தால் தளிர்த்துவிடும். காங்கேயம் மாட்டின் மேய்ச்சலே அதை நம்பித்தான். இதே இனப் புல்லை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கடப்பாரை கொண்டு தோண்டி எறிகிறார்கள். அங்கே அதன் பெயர் பஃபல் புல். 2005இல் மாநில அரசு அதைக் கேடு தரும் களைகளின் பட்டியலில் சேர்த்தது.

களையாக அது தானே வந்து சேரவில்லை. மண் அரிப்பைத் தடுக்கவும் மாட்டுத் தீவனத்துக்காகவும் 1930களில் அமெரிக்க அரசே விரும்பிக் கொண்டுவந்த புல் அது. வறட்சியைத் தாங்கும் என்று பாராட்டித்தான் விதைத்தார்கள். தாங்கியது, தேவைக்கு மேலேயே தாங்கியது.

அரிசோனாவின் தெற்கே விரியும் சொனோரன் பாலைவனம் தீக்குப் பழகிய நிலம் அல்ல. ஒரு கள்ளிக்கும் அடுத்த புதருக்கும் நடுவே வெறும் மண்தான் கிடக்கும். மின்னல் விழுந்தாலும் ஒரு செடி எரிந்து அதோடு அணைந்துவிடும். அதனால்தான் சவாரோ என்னும் பிரம்மாண்டக் கள்ளிக்குத் தீயைத் தாங்கும் உடற்கட்டு வாய்க்கவே இல்லை. 150 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய அது, முதல் கிளை விடவே 50 முதல் 75 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். கன்றாக இருக்கும்போது பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலில் ஒண்டித்தான் வளரும்.

அந்த இடைவெளிகளைத்தான் புல் நிரப்பிவிட்டது. தீ வந்தால் கள்ளியும் சாகிறது, நிழல் தந்த மரமும் சாகிறது. புல்லின் வேர் மட்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்து மறுபடி துளிர்க்கிறது. ஒவ்வொரு தீயும் அடுத்த தீக்கு விறகு அடுக்கி வைத்துவிட்டுப் போகிறது.

பஃபல் புல் மட்டும்தான் குற்றவாளி என்பதில்லை. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்து பரவிய சிவப்பு புரோம் புல்லும் கூட்டாளி. பாலைவனத்தில் தீயை வளர்ப்பது வறட்சி மட்டுமல்ல, மழையும்தான். குளிர்காலத்தில் நன்றாகப் பெய்தால் புரோம் புல் தழைக்கும். மே மாதத்தில் சருகாகிவிடும். 2005இல் அப்படித்தான் நடந்தது. ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே கேவ் கிரீக் பகுதியில் மூண்ட தீ, ஏறத்தாழ 2,48,000 ஏக்கரை எரித்தது. 2020 ஜூனில் அரிசோனாவிலேயே நெடுஞ்சாலை ஓரம் ஒரு வாகனம் தீப்பிடித்தது. அது பரவி 1,93,000 ஏக்கர் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மின்னல் மூட்டிய தீயில் சுமார் 13 லட்சம் ஜோசுவா மரங்கள் கருகின. 2023 ஜூலையில் அதே மொஹாவியில் இன்னொரு பெருந்தீ, சுமார் 93,000 ஏக்கர்.

ஜூலை தொடக்கத்தில் அரிசோனாவிலும் பருவமழை வரும். அங்குள்ளவர்களும் அதை 'மான்சூன்' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்கள்தான் ஆபத்தானவை. மேகம் திரளும், துளி தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடும், மின்னல் மட்டும் இறங்கும். தொஹோனோ ஓதம் பழங்குடியினர் நீண்ட கழிகளால் சவாரோ பழம் பறிப்பதும் இந்த நாட்களில்தான். அவர்களுக்கு அது புத்தாண்டுக் காலம்.

தீ மூண்ட பிறகு விமானங்கள் பறக்கின்றன, வீரர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். 2013இல் அரிசோனாவின் யார்னெல் மலைப் புதர்க்காட்டுத் தீயில் 19 வீரர்கள் ஒரே நாளில் இறந்தார்கள். தீ மூளுமுன் செய்ய வேண்டிய வேலையோ பெரும்பாலும் தன்னார்வலர் தலையில் விழுகிறது. டூசான் நகரை ஒட்டிய மலைச்சரிவுகளில் ஓய்வுபெற்றவர்களும் மாணவர்களும் விடுமுறை நாட்களில் தூர் தூராகப் புல் பிடுங்குகிறார்கள். மருந்தடிக்கலாம்தான். ஆனால் புல் பச்சையாக இருக்கும் மழைக்காலத்துச் சில வாரங்களில்தான் அது பலிக்கும்.

அரசு கொண்டுவந்த புல்லை அரசே அகற்றுவதுதான் முறை. தீயணைப்பு விமானங்களுக்குத் தாராளமாக நீளும் கை, கடப்பாரை பிடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதற்கும் நீளட்டும்.