காட்டினால் போதும், மாற்ற வேண்டாம்!

மெல்போர்ன் நகரம். 2016-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி, சனிக்கிழமை.

பார்முலா ஒன் கார் பந்தயத் திடலில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். உலகம் பூராவும் டெலிவிஷன் முன்னால் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கடிகாரம் ஓடுகிறது. இன்னும் சில நிமிஷம் பாக்கி.

ஆனால் பாதையில் ஒரு கார் கூட இல்லை!

மழை இல்லை. விபத்து இல்லை. யாருக்கும் என்ஜின் மக்கர் பண்ணவில்லை. நேரம் முடியும் முன்பே வீரர்கள் காரை ஷெட்டில் விட்டுவிட்டு ஓய்ந்துவிட்டார்கள். ஆளில்லாத பாதையைப் பார்த்துக் கட்டம் போட்ட கொடியை ஆட்டி, "முடிந்தது" என்றார்கள்.

அன்று நடந்தது பந்தயம் அல்ல. பந்தயத்துக்கு முந்திய தகுதி ஓட்டம். மறுநாள் யார் முன்வரிசையில் நிற்பது, யார் கடைசியில் நிற்பது என்று தீர்மானிக்கிற ஓட்டம். ஒரு சுற்றைக் குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு முதல் இடம். விஷயம் இவ்வளவுதான். இந்த எளிமையான காரியத்தைத்தான் மேலிடத்துக்காரர்கள் பல வருஷமாகப் பிய்த்துப் பிய்த்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதற்காக? "டி.வி. பார்ப்பவர்களுக்கு விறுவிறுப்பு வேண்டும்" என்பதற்காக!

90 வினாடி கத்தி

மெல்போர்னில் புகுத்திய புது விதி இது: முதல் சில நிமிஷம் போனதும், 90 வினாடிக்கு ஒரு தடவை, அந்த நேரத்தில் யார் கடைசியோ அவர் அவுட். மியூசிக்கல் சேர் மாதிரி. காகிதத்தில் படிக்கப் பிரமாதம்தான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மெல்போர்னில் நல்ல வேகத்தில் ஒரு சுற்று ஓட ஏறக்குறைய 84 வினாடி ஆகும். ஷெட்டுக்குள் வந்து டயர் மாற்றி, மறுபடி வெளியே போய், டயரைச் சூடாக்கி ஒரு சுற்று, அப்புறம் வேகச் சுற்று என்றால் மூன்று நிமிஷத்துக்குக் குறையாது. கத்தி விழுவதோ 90 வினாடிக்கு ஒரு தடவை!

டயர் மாற்ற உள்ளே வந்தவர், வெளியே போவதற்குள் தலை போய்விடுகிறது. பிறகு எதற்கு வெளியே போக வேண்டும்? பெட்ரோலும் டயரும் மிச்சம் என்று உள்ளேயே இருந்துவிட்டார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

மறுநாளே அணிகள் "இது வேண்டாம்" என்று கூச்சல் போட்டன. அப்படியும் இரண்டு வாரம் கழித்து பஹ்ரைனில் அதே கூத்து. மூன்றாவது பந்தயமான சீனாவில்தான் பழைய முறை திரும்பி வந்தது.

முதல் கட்டத்தில் மெதுவானவர்கள் கழிவார்கள். இரண்டாம் கட்டத்தில் இன்னும் சிலர். மிச்சம் 10 பேர் கடைசிக் கட்டத்தில் முதல் இடத்துக்கு மோதுவார்கள். 2006-ல் வந்த அந்தப் பழைய முறையில் ஒவ்வொரு கட்டத்திலும் கடைசி நிமிஷம் வரை பரபரப்பு உண்டு. ஓடுவதற்கு எல்லாருக்கும் ஒரே அளவு நேரமும் உண்டு. நன்றாக ஓடிய வண்டியை எதற்குப் பிரித்தார்கள் என்று இன்று வரை ஒழுங்கான பதில் வரவில்லை.

முன்னால் என்ன நடந்தது?

நியாயமாகப் பார்த்தால், மாறுதல் எல்லாமே தப்பு என்று சொல்லவும் முடியாது.

1996 முதல் 2002 வரை சனிக்கிழமை ஒரு மணி நேரம். ஆளுக்கு 12 சுற்றுதான் அனுமதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதையில் தூசி போகட்டும், பிறகு போவோம் என்று பெரிய அணிகள் ஷெட்டுக்குள்ளேயே இருக்கும். காசு கொடுத்து வந்தவனும், டி.வி. பார்த்தவனும் காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சின்ன அணிகள்தான் முதலில் வெளியே வரும். அந்தக் கொஞ்ச நேரமாவது தங்கள் கார் டி.வி.யில் தெரியட்டுமே என்று!

அதே முறையில்தான் 1997-ல் ஸ்பெயினில் ஹெரஸ் திடலில் ஓர் அதிசயமும் நடந்தது. ஜாக் வில்நவ், மைக்கேல் ஷூமேக்கர், பிரெண்ட்சன் மூன்று பேரும் ஒரே நேரம்: 1 நிமிஷம் 21.072 வினாடி. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி கூட வித்தியாசம் இல்லை! அந்த நேரத்தை முதலில் எட்டிய வில்நவுக்கு முதல் இடம். கதை எழுதுகிறவன் எழுதினால் "புளுகு" என்பார்கள். எந்த அதிகாரியும் யோசனை பண்ணி உண்டாக்கிய பரபரப்பு அல்ல அது.

2003-ல் இன்னொரு மாறுதல். ஆளுக்கு ஒரே ஒரு சுற்று. ஒருத்தர் பின் ஒருத்தராக. எல்லாக் காரும் டி.வி.யில் முழுசாகத் தெரியும். விளம்பரக்காரர்களுக்குச் சந்தோஷம். ஆனால் முதல் ஆள் ஓடும்போது வெயில், கடைசி ஆள் ஓடும்போது மழை என்றால் அது என்ன போட்டி?

2005-ல் அதற்கும் மேலே போனார்கள். சனிக்கிழமை ஒரு சுற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று, இரண்டையும் கூட்டிக் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி வரை யார் முதல் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிறு காலைப் பத்திரிகையில் போட ஒன்றும் இல்லை! ஆறு பந்தயத்தோடு அதை மூட்டை கட்டினார்கள்.

கோவை வீரருக்குக் கிடைத்த இடம்

மழை செய்த தமாஷுக்கு ஒரு சாட்சி, கோவை வீரர் நரேன் கார்த்திகேயன்.

பார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் அவர். 2005-ல் ஜோர்டன் என்ற சின்ன அணியில் இருந்தார். அந்த ஆண்டு ஜப்பானில் சுசுகா திடலில் தகுதி ஓட்டம். முந்திய பந்தயத்தில் பின்னால் வந்தவர்கள் முதலில் ஓட வேண்டும், ஜெயித்தவர்கள் கடைசியில். பெரிய தலைகள் வந்தபோது மழை கொட்டியது.

விளைவு? நரேனுக்கு 11-வது இடம். உலக சாம்பியன் ஷூமேக்கருக்கு 14. அந்த வருஷச் சாம்பியன் அலோன்சோவுக்கு 16. ரைக்கோனனுக்கு 17!

மறுநாள் 17-வது இடத்தில் கிளம்பிய ரைக்கோனன், கடைசிச் சுற்றில் பிசிகெல்லாவைத் தாண்டி ஜெயித்தார். அருமையான பந்தயம், சந்தேகமில்லை. இதைக் காட்டித்தான் "பார்த்தீர்களா, வரிசையைக் கலைத்துப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கிறது!" என்கிறார்கள்.

மழை கலைத்தது வேறு. மனுஷன் வேண்டுமென்றே கலைப்பது வேறு. மழைக்கு வேண்டியவன், வேண்டாதவன் இல்லை. அதிகாரி விதி போட்டு வேகமானவனைப் பின்னால் தள்ளினால், கஷ்டப்பட்டு உழைத்தவனுக்கு அபராதம் என்று அர்த்தம். 2020-ல் அப்படியும் ஒரு யோசனை வந்தது: வரிசையைத் தலைகீழாக்கி ஒரு சின்னப் பந்தயம் வைத்து, அதில் வரும் இடத்தை வைத்து நிறுத்தலாம் என்று. மெர்சிடஸ் அணி ஒத்துக்கொள்ளவில்லை. திட்டம் படுத்தது. நல்ல காலம்!

நரேனுக்கே தகுதி ஓட்டம் கசந்த கதையும் உண்டு. 107 சதவீத விதி என்று ஒன்று. முதல் கட்டத்தில் வேகமானவர் 100 வினாடியில் ஒரு சுற்று ஓடினால், மற்றவர்கள் 107 வினாடிக்குள் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பந்தயமே கிடையாது. 1996-ல் வந்து, 2002-க்குப் பின் போய், 2011-ல் திரும்பி வந்த விதி.

2011-ல் மெல்போர்ன். நரேன் எச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் அணியில். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அவர்கள் கார் ஒழுங்காக ஓடவே இல்லை. சனிக்கிழமை நரேனும் கூட்டாளி லியுட்சியும் 107-க்கு வெளியே. இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு! 2012-ல் அதே மெல்போர்னில் நரேனுக்கு மறுபடி அதே கதி.

நம்ம ஊர் ஆள் அடிபட்டார் என்பதற்காக விதி தப்பு என்று சொல்லக் கூடாது. மணிக்கு 300 கிலோ மீட்டரில் வருகிறவன் முன்னால் ஊர்ந்து போகிற வண்டி எமன். இந்த விதி டி.வி.க்காக வந்ததல்ல, உயிருக்காக வந்தது. இருக்கட்டும். 2011 அக்டோபரில் டில்லி பக்கத்தில் நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் நரேன் தகுதி பெற்று ஓடி 17-வதாக முடித்தார்.

உயிர் போன சனிக்கிழமைகள்

தகுதி ஓட்டம் என்றால் சும்மா ஒத்திகை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு தேதிகள்.

1982 மே 8. பெல்ஜியத்தில் சோல்டர் திடல். பெராரி வீரர் கில் வில்நவ், கூட்டாளி பிரோனியின் நேரத்தை முறியடிக்கக் கடைசி நிமிஷங்களில் பறந்தார். முன்னால் மெதுவாகப் போன காரில் மோதித் தூக்கி எறியப்பட்டு இறந்தார். ஹெரஸில் அதிசயம் செய்த ஜாக் வில்நவின் தகப்பனார் இவர்.

1994 ஏப்ரல் 30. இத்தாலியில் இமோலா திடல். ஆஸ்திரிய வீரர் ராட்சன்பெர்கர். சிம்டெக் என்ற ஏழை அணி. 26 காருக்குத்தான் இடம். கடைசி இடத்துக்குத்தான் அவர் போராடினார். முந்திய சுற்றில் பாதையை விட்டு இறங்கியதில் முன் இறக்கை அடிபட்டிருந்தது. நிறுத்தாமல் இன்னொரு சுற்று போனார். இறக்கை பிய்த்துக்கொண்டது. சுவரில் மோதி இறந்தார். மோதிய வளைவின் பெயர், கில் வில்நவ் வளைவு! மறுநாள் பந்தயத்தில் பெரிய வீரர் செனாவும் இறந்ததால், உலகம் செனாவுக்கு அழுதது. ராட்சன்பெர்கரைப் பாதி மறந்தது.

கடைசி நிமிஷ நெரிசலை இன்னும் நெரிசலாக்கலாம் என்று யோசனை சொல்லும் டி.வி. பெரியமனிதர்கள் இந்த இரண்டு தேதிகளையும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்ற வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. 2019-ல் இத்தாலியில் மோன்சா திடலில், அடுத்தவன் காரின் பின்னால் போனால் காற்று தடுக்காது, வேகம் கூடும் என்று எல்லாரும் "நீ முன்னால் போ, நீ முன்னால் போ" என்று ஊர்ந்தார்கள். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலோர் நேரம் முடிவதற்குள் கோட்டையே தாண்டவில்லை. மானம் போனது. ஊருகிற கார் நடுவே பறக்கிற கார் வந்தால் சோல்டர் கதைதான். இப்போது மெதுவாகப் போகும் சுற்றுக்கும் உச்ச நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட மாறுதலை யார் வேண்டாம் என்றார்கள்?

பெயரையே மாற்றிய கூத்து

2021-ல் சனிக்கிழமைக் குட்டிப் பந்தயம் வந்தது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் திடல். வெள்ளிக்கிழமை தகுதி ஓட்டத்தில் வேகமாக ஓடியவர் ஹாமில்டன். சனிக்கிழமை குட்டிப் பந்தயத்தில் ஜெயித்தவர் வெர்ஸ்டாப்பன். "முதல் இடம்" என்ற பெருமை யார் கணக்கில் போனது தெரியுமா? வெர்ஸ்டாப்பன் கணக்கில்! வேகத்துக்குப் பரிசு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு. மறு வருஷமே விதியைத் திருத்தினார்கள்.

காட்டுவதில் கஞ்சத்தனம் ஏன்?

மாற்றத் துடிக்கிறவர்கள், காட்டுவதில் மட்டும் கை இழுக்கிறார்கள்.

1988-ல் மொனாகோவில் செனா ஓடிய தகுதிச் சுற்றை இன்றும் கதை கதையாகச் சொல்கிறார்கள். அதே மெக்லாரன் கார் ஓட்டிய பிராஸ்டை விட 1.427 வினாடி வேகம். ஆனால் காருக்குள்ளிருந்து எடுத்த படம் அந்தச் சுற்றுக்குக் கிடையாது. கேள்விப்பட்டுத் திருப்தி அடைய வேண்டியதுதான்.

அதற்கடுத்த ஆண்டு 39 கார்கள் பதிவு. அவற்றில் 13 கார்களுக்கு வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கே தகுதிக்கு முந்திய தகுதி. ஒரு மணி நேரம். 4 பேர் உள்ளே. 9 பேர் மூட்டை கட்டி வீட்டுக்கு. மாதக்கணக்கான உழைப்பு டிபன் வேளைக்குள் முடிந்தது. 1990-ல் லைப் என்ற இத்தாலிய அணி 14 தடவை முயன்று ஒரு தடவை கூடத் தாண்டவில்லை. இதைவிட விறுவிறுப்பு எங்கே கிடைக்கும்? ஆனால் அந்த நேரத்தில் டி.வி. தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது காமிரா இருக்கிறது. ஆனால் பூட்டி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2019 முதல் நேரடி ஒளிபரப்பு ஏறக்குறைய முழுவதும் கட்டணச் சானலுக்குப் போனது. இந்தியாவில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2022-க்குப் பின் விலகியது. அடுத்து பார்முலா ஒன்னின் சொந்தச் செயலி, 2024-ல் பான்கோடு செயலி என்று சந்தாவுக்கு மேல் சந்தா. சனிக்கிழமை கடையில் உட்கார்ந்தபடி ஒரு மணி நேரம் பார்க்க நினைக்கிறவனுக்கு இவ்வளவு வாசலா?

பந்தயத்தைக் காசுக்கு விற்கட்டும். தகுதி ஓட்டத்தையாவது எல்லாரும் பார்க்கும்படி திறந்து விடலாம். அதைப் பார்த்து ருசி கண்டவன் ஞாயிற்றுக்கிழமைக்குத் தானே காசு கொடுப்பான். வியாபாரிக்கு இந்தக் கணக்குப் புரியாதா?

2026-ல் காடிலாக் அணி வந்து கார்கள் 22 ஆகின்றன. முதல் கட்டத்தில் 6 பேர், அடுத்ததில் 6 பேர் கழிவார்கள், மிச்சம் 10. 2006-ல் இருந்த அதே கணக்கு. அதைத் தொட வேண்டாம். முதல் கட்டத்தின் கடைசி நிமிஷத்தில், 16-வது இடமா 17-வது இடமா என்று மன்றாடுகிற சின்ன அணிக்காரன் பக்கமும் காமிராவைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.