விழா யாருக்குச் சொந்தம்?

ஓர் ஊரின் செல்வநிலையை அறியக் கடைவீதிக்குச் செல்ல வேண்டும். அதன் உள்ளத்தை அறிய விழாவுக்குச் செல்ல வேண்டும் என்பது என் எண்ணம். கடைவீதியே விழாவாகிவிட்ட ஊர்களும் உலகில் உண்டு. அவற்றுள் தலையாய ஒன்று ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள நியூரம்பர்க் நகரம். சென்ற டிசம்பரில் மூன்று நாள்கள் அங்குத் தங்கி, உலகப் புகழ் பெற்ற கிறிஸ்துமஸ் சந்தையைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கண்டவற்றை அடுக்கிப் பயணக் கட்டுரை எழுதுவது என் நோக்கமன்று. அச்சந்தை என்னுள் எழுப்பிய ஒரு வினாவை மாணவ நண்பர்கள் முன் வைக்கவே இதனை எழுதுகிறேன். ஒரு விழா யாருக்குச் சொந்தம்? வழிவழியாக வந்தவர்களுக்கு மட்டுமா? வந்து கூடும் அனைவருக்குமா?

முதலில் சந்தையைச் சற்று நோக்குவோம். கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்களைத் திருவருகைக் காலம் என்பர். அக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்வரும் வெள்ளியன்று மாலை சந்தை தொடங்குகிறது. டிசம்பர் 24ஆம் நாள் நிறைவு பெறுகிறது. அன்னை மரியாள் ஆலயத்தின் முன்னுள்ள பெருந்திடலில் ஏறத்தாழ 180 மரக்கடைகள். எல்லாவற்றுக்கும் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட துணிக்கூரை. உலர்ந்த பிளம் பழங்களைக் கோத்துச் செய்த பொம்மைகள், பொன்தகடு போல் மின்னும் தேவதைகள், மரத்தில் கடைந்த விளையாட்டுப் பொருள்கள் என்று கடைகள் நிறைந்து கிடக்கின்றன. விரல் அளவே உள்ள சாசேஜுகளைச் சுட்டு, மூன்று மூன்றாக ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். கிராம்பும் பட்டையும் இட்டுச் சூடாக்கிய திராட்சை மதுவின் ஆவி குளிரில் மிதந்து வருகிறது. அதை ஊற்றித் தரும் குவளைக்கு முன்பணம் கட்டவேண்டும். திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

என்னைக் கவர்ந்தது ஒன்று. பிளாஸ்டிக் தோரணங்களை இங்கே விற்கவோ கட்டவோ கூடாது. ஒலிப்பதிவு இசையை ஓயாமல் அலறவிடவும் கூடாது என்று மாநகராட்சி விதி வகுத்திருக்கிறது. ஆகவே அத்தனை கூட்டத்திலும் மனிதக் குரல் காதில் விழுகிறது. அழகு தானே வந்து அமைவதில்லை. யாரோ அக்கறை கொண்டு காப்பதால் நிலைக்கிறது!

இச்சந்தையின் தொன்மைக்குக் கிடைத்த பழைய சான்று, 1628ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகள் பொறித்த சிறு மரப்பெட்டி ஒன்று. 1737ஆம் ஆண்டுப் பட்டியலின்படி 140 பேர் இங்கே விற்பனை உரிமை பெற்றிருந்தனர்; நகரின் கைவினைத் தொழில்களில் ஏறக்குறைய எல்லாமே அதில் இடம்பெற்றிருந்தன. நானூறு ஆண்டு மரபு என்று நகரத்தார் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால், மரபு என்பது அயல்கலப்பற்ற ஒன்று என்று கருதுவோர் அங்கே விற்கும் ஒரு பண்டத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்பண்டம் லேப்குஹென் என்னும் மசாலை கேக். இதற்கு வேண்டிய தேன் பழங்காலத்தில் நகரைச் சூழ்ந்த காடுகளிலிருந்து வந்தது. கிராம்பு, ஏலக்காய், இலவங்கப்பட்டை, சாதிக்காய் ஆகியவையோ கீழைநாடுகளிலிருந்து கடல் கடந்து, வெனிஸ் வழியாக அங்குப் போய்ச் சேர்ந்தன. போர்ச்சுகீசியர் கடல்வழி கண்டபின், 1505இல் அல்மெய்தாவின் தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பற்படையில் ஜெர்மானிய வணிகர்களும் முதலீடு செய்தனர். இம்ஹாஃப், ஹிர்ஷ்ஃபோகல் என்னும் நியூரம்பர்க் வணிகக் குடும்பங்களும் அவர்களுள் அடங்குவர். மலபார்க் கரையின் மிளகுக்காக அவர்கள் பொன்னைக் கொட்டினார்கள். நியூரம்பர்க் வணிகரை 'மிளகு மூட்டைகள்' என்று பிறர் கேலி செய்தது இதனால்தான். நியூரம்பர்க்குக்கே உரியது என்று ஐரோப்பியச் சட்டம் 1996 முதல் பெயர்க்காப்பு அளித்துள்ள அந்தக் கேக்கின் மணத்தில் பாதி, நம் பக்கத்துக் கடலைக் கடந்து சென்ற மணமன்றோ!

இனி, அத்திடலின் வரலாற்றுக்கு வருவோம். அது மகிழ்ச்சி தரும் வரலாறன்று. இன்று கடைகள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் யூதர்கள் குடியிருந்தனர். 1349 நவம்பரில், அவர்களுடைய வீடுகளை இடித்துத் திடல் அமைத்துக்கொள்ள நான்காம் சார்லஸ் மன்னன் நகரத்தாருக்கு அனுமதி அளித்தான். டிசம்பர் 5ஆம் நாள் நடந்த படுகொலையில் 562 யூதர்கள் மாண்டனர். அவர்களுடைய தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் எழுந்ததே அன்னை மரியாள் ஆலயம். அதன் முகப்புக் கடிகாரத்தில் நாள்தோறும் நண்பகல் 12 மணிக்கு ஏழு தேர்வாளர் பொம்மைகள் வலம்வந்து வணங்குவது அதே சார்லஸ் மன்னனின் உருவத்தைத்தான். கூட்டம் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறது. நானும் பார்த்தேன், ஆனால் கைதட்ட மனம் வரவில்லை. ஆலயத்தின் உட்புறத் தரையில் யூதர்களின் ஆறுமுனை விண்மீன் நினைவுச் சின்னமாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. அதனைக் குனிந்து பார்ப்போர் சிலரே.

இருபதாம் நூற்றாண்டிலும் இத்திடல் தப்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறிடத்துக்குப் போய்விட்ட சந்தையை 1933இல் மீண்டும் இங்கே கொணர்ந்தவர்கள் நாஜிகள். திடலுக்கு இட்லரின் பெயர் சூட்டப்பட்டிருந்த காலம் அது. கிறிஸ்ட்கிண்ட் என்னும் தேவதை வேடமிட்ட பெண் தோன்றிச் சந்தையைத் திறந்துவைக்கும் சடங்கும் அவ்வாண்டில் தொடங்கியதே. 'பழைய ஜெர்மானிய மரபு' என்ற போர்வையில் தம் ஆட்சிக்கு அழகு சேர்த்துக்கொண்டார்கள். விளைவு யாது? 1939 முதல் சந்தையே நின்றது. 1945 சனவரி 2ஆம் நாள் குண்டுவீச்சில் பழைய நகரம் சாம்பலாயிற்று.

1948இல், இடிபாடுகளுக்கிடையே சந்தை மீண்டும் கூடியது. பிரீட்ரிக் புரோகர் என்பவர் தொடக்கவுரையைப் புதிதாக எழுதினார். ஒரு நடிகை தேவதையாக நின்று அதை மொழிந்தார். கொடியோர் தொடங்கிய சடங்கை அவர்களிடமே விட்டுவிடாமல், நகரம் அதைக் கழுவித் தனதாக்கிக் கொண்டது எனலாம். 1969 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நகரத்து இளம்பெண் ஒருவர் தேவதையாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அதற்குரிய தகுதிகள் என்ன தெரியுமா? வயது 16 முதல் 19 வரை. நியூரம்பர்க்கில் பிறந்திருக்க வேண்டும் அல்லது நெடுநாள் வாழ்ந்திருக்க வேண்டும். குறைந்தது 160 செ.மீ. உயரம் வேண்டும், ஆலய மாடத்தில் நிற்க வேண்டியிருப்பதால் உயரம் கண்டு அஞ்சக்கூடாது. குருதி என்ன, குலம் என்ன என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

2019இல் அவ்வாறு தேர்வானவர் 17 வயது மாணவி, நியூரம்பர்க்கில் பிறந்தவர், இந்தியாவில் பிறந்த தந்தையின் மகள். உடனே ஏ.எஃப்.டி. கட்சியின் மியூனிக் வட்டாரக் கிளையொன்று, அமெரிக்கச் செவ்விந்தியர்களுக்கு நேர்ந்த கதியே நமக்கும் நேரும் என்ற பொருளில் அவர் படத்தோடு ஒரு பதிவை இணையத்தில் வெளியிட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது, பதிவு நீக்கப்பட்டது. நகர மேயர் உல்ரிக் மாலி உள்ளிட்டோர் அப்பெண்ணின் பக்கம் நின்றனர். அவர் அஞ்சவுமில்லை, வெகுளவுமில்லை. குறித்த வெள்ளிக்கிழமை மாடத்தில் தோன்றித் தொடக்கவுரையை மொழிந்தார். தேவதையின் பொன்னிறச் சுருள்முடி யார் வேடமிட்டாலும் பொய்முடிதான் என்பதை அந்தக் கட்சிக்காரர்கள் எப்படி மறந்தார்களோ!

"விழாவுக்கு வந்த இடத்தில் 1349ஐயும் 1933ஐயும் ஏன் கிளறுகிறீர்கள்? மக்கள் மகிழட்டுமே" என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. குழந்தையின் கையில் கேக்கைக் கொடுக்கும்போது யாரும் படுகொலைக் கணக்கு சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அத்திடல் என்றும் தங்களுடையதாகவே இருந்தது என்று ஒரு கூட்டத்தார் உரிமை கொண்டாடும்போது, 'இல்லை, இங்கே வேறு மனிதர்களும் வாழ்ந்தார்கள். அவர்களை நீங்கள் விரட்டினீர்கள்' என்று சொல்ல வரலாறு தெரிந்தவர்கள் வேண்டும். மறதியில் கட்டிய மகிழ்ச்சியை எவரும் எளிதில் பறித்துக்கொள்ள முடியும். 1933 காட்டிய பாடம் அதுவே.

"அஞ்சுவதற்கும் காரணம் உண்டே" என்பர் வேறு சிலர். உண்டுதான். 2016இல் பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தையிலும், 2024இல் மக்டபர்க் சந்தையிலும் கூட்டத்துக்குள் வண்டியை ஏற்றி உயிர்களைப் பறித்தார்கள். மக்டபர்க்கில் மாண்ட அறுவருள் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். சந்தைகளின் வாயிலில் தடுப்புகள் வேண்டியவையே, காவலும் வேண்டியதே. ஆயினும் வண்டியைத் தடுக்கும் தடுப்பு வேறு. மனிதரைத் தடுக்கும் தடுப்பு வேறு. கொலைகாரன் ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனைப் போன்ற நிறமோ பெயரோ உடைய பிறரைத் தண்டிப்பது, அவன் நாடியதை நாமே முடித்துக் கொடுப்பதாகும்.

மாணவ நண்பர்களே! நியூரம்பர்க் நகரம் குறையற்ற நகரமன்று. தன் குறைகளை விலை கொடுத்துக் கற்ற நகரம். விழாவைப் பிறப்பால் உரிமை கொண்டாட முடியாது. பேணுவதால்தான் உரிமை பிறக்கிறது என்பது என் துணிபு. மரக்கடையை முடுக்கி நிறுத்துகிறவன், கேக்குக்கு ஏலம் இடிக்கிறவள், குளிரில் மாடமேறி வரவேற்பு சொல்கிற மாணவி ஆகியோருக்கு அது சொந்தம். அழைப்பின்றி வந்து அமைதியாகக் கண்டு செல்லும் அயலானுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. உங்கள் காலத்தில் எவரேனும் ஒரு விழாவின் வாயிலில் நின்று, 'நீ யார், எந்த ஊர், என்ன குலம்?' என்று கேட்கத் தொடங்கினால், அந்தத் திடலின் வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள். சொல்வதற்காகவே நாம் வரலாறு படிக்கிறோம்.