டிராக்டரின் எச்.பி.யை முடிவு செய்வது யார்?

அமெரிக்காவில் சிறிய டீசல் டிராக்டர்களின் பட்டியலைப் புரட்டினால் ஒரு விநோதம் கண்ணில் படும். 24, 24.2, 24.8 எச்.பி. என்று 25-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும் வண்டிகள் ஏராளம். நிலமும் பயிரும் கேட்ட திறன் அல்ல இது, சட்டம் கேட்டது.

அந்நாட்டின் ‘டியர்-4’ புகை விதி 19 கிலோவாட்டில், அதாவது சுமார் 25 எச்.பி.யில், கோடு கிழித்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே இருக்கும் இன்ஜின் ஒரு கிலோவாட்-மணிக்கு 0.40 கிராம் புகைத்துகள் விடலாம். தாண்டினால், 2013 முதல், 0.03 கிராம்தான். பதின்மூன்று மடங்கு இறுக்கம்!

இதை எட்டுவதற்குப் பல கம்பெனிகள் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டியைப் பொருத்துகின்றன. கரி நிறைந்ததும் இன்ஜின் தானாகவே புகையின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றி எரித்துவிடும். நாள் முழுக்க ரோட்டவேட்டர் ஓட்டுகிறவருக்கு இது தொல்லையே இல்லை. பத்து நிமிடம் எரு அள்ளிப் போட்டுவிட்டு வண்டியை அணைக்கிறவருக்குத்தான் சிக்கல். சூடு ஏறுவதற்குள் நிறுத்தினால் கரி தங்கிவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு வண்டியை ஓரங்கட்டி, ஆர்.பி.எம். ஏற்றி, வேலை எதுவும் செய்யாமல் ஓட விட வேண்டும். டீசல்தான் வீண்.

இதற்குப் பயந்து 25-க்குள் ஒதுங்குகிறவர்கள் எச்.பி. எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவார்கள். ஜான் டீர் 1025ஆர், குபோட்டா எல்2501 இரண்டுமே இந்தக் கோட்டுக்குள் அடங்குபவை. முதலாவதன் இன்ஜின் 1.27 லிட்டர், மற்றதன் இன்ஜின் 1.65 லிட்டர், எடையில் குபோட்டா ஏறத்தாழ இரு மடங்கு. கலப்பை இழுக்கவும் லோடரில் பாரம் தூக்கவும் எடைதான் கைகொடுக்கும். ஆனால், கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் அகலமான ரோட்டவேட்டரை மாட்டினால் எடை உதவாது, அங்கே எச்.பி.தான் பேசும். அந்த வேலை தினமும் இருப்பவர் டிபிஎஃப் வண்டியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

விதியின் நோக்கத்தில் குறையில்லை, கரிப்புகை நுரையீரலுக்குக் கேடுதான். ஆனால், கோட்டின் இருபுறமும் இவ்வளவு வித்தியாசம் வைத்தால், வாங்குகிறவரை அதிகம் புகைவிடும் பக்கத்துக்கே சட்டம் தள்ளிவிடுகிறது.

நம் நாட்டுக் கதையும் வேறல்ல. 2023 ஜனவரி முதல் ‘ட்ரெம் 4’ என்ற புகை விதி 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு மட்டும் வந்தது. இங்கே விற்பவற்றில் பெரும்பகுதி 50-க்குக் கீழே. அவற்றுக்குப் பழைய ‘ட்ரெம் 3ஏ’ தொடர்ந்தது. இப்போது ஷோரூம்களில் 48, 49 எச்.பி. வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. 2024-இல் வரவேண்டிய ‘ட்ரெம் 5’ தள்ளிவைக்கப்பட்டது. ஐரோப்பிய விதியை ஒட்டி எழுதப்பட்ட அதிலும் அதே 19 கிலோவாட் கோடு உண்டு. திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைக்கும் சிறிய டிராக்டர் வாங்கும் விவசாயி இதிலும் மாட்டுவார். அந்தக் கோட்டின் இருபுறமும் உள்ள இடைவெளியைக் குறைத்த பிறகே மத்திய அரசு சிறிய டிராக்டர்களுக்கு விதியை இறுக்க வேண்டும்.