கமீலாவை மன்னித்தது யார்?

இளவரசர் சார்லஸ் தனது நெடுநாள் தோழி கமீலா பார்க்கர் பவுல்ஸை மணக்க இருப்பதாக 2005-ம் ஆண்டு பிப்ரவரி 10-ம் தேதி லண்டனில் அறிவிக்கப்பட்டபோது, அந்த அறிவிப்போடு ஓர் உறுதிமொழியும் இணைந்தே வந்தது. சார்லஸ் அரியணை ஏறும் நாளிலும் கமீலா அரசி என்று அழைக்கப்பட மாட்டார். மன்னரின் துணைவியான இளவரசி என்ற பட்டத்தையே ஏற்க உத்தேசித்திருக்கிறார் என்பதுதான் அது. வேல்ஸ் இளவரசி என்ற பட்டம் சட்டப்படி அவருக்கு உரியதாக இருந்தபோதிலும், அது டயானாவின் பெயரோடு ஒன்றிப்போய்விட்டது என்பதால் அதையும் ஒதுக்கிவிட்டு, கார்ன்வால் கோமகள் என்ற பட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2023 மே 6-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் சார்லஸுடன் சேர்த்து அவருக்கும் முடிசூட்டப்பட்டது. அழைப்பிதழிலேயே 'அரசி கமீலா' என்று அச்சிடப்பட்டிருந்தது. பழைய உறுதிமொழியை உரக்க நினைவுபடுத்தியவர்கள் மிகச் சிலரே.

மன்னர் மானியத்தை 1971-லேயே ஒழித்துவிட்ட நாட்டில், அயல்நாட்டு அரச குடும்பத்தின் இரண்டாவது மனைவியைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். பட்டங்களும் மகுடங்களும் நமக்குப் பொருட்டல்ல என்பது உண்மையே. ஆனால், ஒரு தேசமே வெறுத்த ஒருவர், கால் நூற்றாண்டுக்குள் அதே தேசத்தின் அரசியாக அமர முடிகிறது என்றால், மக்கள் கருத்து என்பது எப்படி உருவாகிறது, எப்படிக் கரைகிறது, அதைக் கரைப்பவர்கள் யார் என்ற கேள்வி அரசியலில் அக்கறை உள்ள எவருக்கும் உரியதே.

அந்த வெறுப்பின் ஆழத்தை இன்றைய இளைஞர்கள் உணர்வது கடினம். 1981 ஜூலையில் 32 வயது சார்லஸை 20 வயது டயானா மணந்தபோது உலகமே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தது. 1992 பிப்ரவரியில் இந்தியா வந்த டயானா, தாஜ்மகால் எதிரே தன்னந்தனியாக அமர்ந்திருந்த புகைப்படம் அந்தத் திருமணத்தின் நிலையை ஊருக்கு உணர்த்திவிட்டது. அதே ஆண்டு ஜூனில் ஆண்ட்ரூ மார்ட்டனின் புத்தகம். டிசம்பரில் இருவரும் பிரிந்து வாழ்வதாக நாடாளுமன்றத்திலேயே அறிவிப்பு. 1993 ஜனவரியில் சார்லஸும் கமீலாவும் தொலைபேசியில் பேசிக்கொண்ட அந்தரங்கம் பத்திரிகைகளில் வெளியானது. 1994-ல் தன் மணவாழ்க்கைக்கு வெளியே உறவு இருந்ததை சார்லஸே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். 1995 நவம்பரில் பிபிசியில் டயானா பேசியதை 2 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். தன் மணவாழ்வில் இருந்தவர்கள் இருவர் அல்ல, மூவர் என்று அவர் சொன்னது கமீலாவின் நெற்றியில் அழியாத முத்திரையாகப் பதிந்தது. 1997 ஆகஸ்ட் 31-ம் தேதி பாரிஸ் விபத்தில் டயானா மறைந்தபோது, அரண்மனை வாசலில் குவிந்த மலர்களுக்கு இணையாக இந்தப் பெண்மீது கோபமும் குவிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருமண உறுதிமொழி எடுத்தவர் சார்லஸ்; அதை மீறியதும் அவரே. ஆயினும் தூற்றுதலில் பெரும்பங்கு கமீலாவுக்கே போனது. வரம் கொடுத்த தசரதனை விட்டுவிட்டு கைகேயியை மட்டும் ஏசிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. டயானா ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இல்லை என்று கூற முடியாது. அந்த நியாயம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதுதான் குறை. கமீலாவின் தோற்றத்தையும் வயதையும் லண்டனின் மலிவுப் பத்திரிகைகள் கேலி செய்த விதம் எந்த ஒழுக்கத்தையும் காப்பதற்காக அல்ல.

இனி, மாற்றத்துக்கு வருவோம். இது தானாகக் கனிந்த கனி அல்ல என்பதற்கு ஒரு சான்று போதும். 1996-ல் சார்லஸ் தன் அலுவலகத்தில் மார்க் போலண்ட் என்பவரை அமர்த்திக்கொண்டார். அதற்கு முன் அவர் வகித்த பதவி, பத்திரிகைகள்மீது வரும் புகார்களை விசாரிக்கும் ஆணையத்தின் இயக்குநர். பத்திரிகைகளே தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட அமைப்பு அது. எந்த ஆசிரியரிடம் எப்படிப் பேசினால் எது அச்சேறும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இருந்திருக்க முடியாது. 2002-ல் அவர் விலகுவதற்குள் அடித்தளம் போடப்பட்டுவிட்டது. 1999 ஜனவரியில் லண்டன் ரிட்ஸ் ஓட்டல் வாசலில் இருவரும் ஒன்றாக வெளியே வந்த காட்சி, காத்திருந்த புகைப்படக்காரர்களின் ஒளிவெள்ளத்தில் உலகுக்குக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு, அதுவரை கமீலாவைச் சந்திக்க மறுத்துவந்த எலிசபெத் அரசி, ஒரு விருந்தில் அவர் இருக்கும் இடத்துக்கு வந்தார். ஒவ்வொரு அடியும் அளந்து வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த அடி.

2005 ஏப்ரல் 9-ம் தேதி நடந்த திருமணமும் அப்படித்தான். விண்ட்சர் கோட்டையில் பதிவுத் திருமணம் நடத்த உரிமம் பெற்றால், பொதுமக்களும் அங்கே திருமணம் செய்துகொள்ள வழிவிட வேண்டும் என்ற சிக்கல் எழ, நகர மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. போப் இரண்டாம் ஜான் பாலின் இறுதிச் சடங்குக்காக ஒரு நாள் தள்ளியும் போனது. பதிவுத் திருமணத்துக்கு எலிசபெத் வரவில்லை. பின்னர் தேவாலயத்தில் நடந்த ஆசீர்வாதத்துக்கு வந்தார். கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் முன்னிலையில் மணமக்கள் பாவமன்னிப்பு ஜெபமும் சொன்னார்கள். நம்மவர்களின் பெருந்தன்மையையும் குறிப்பிட வேண்டும்: 2003-ல் மும்பை வந்த சார்லஸ் தங்களைச் சந்தித்ததை மறக்காத டப்பாவாலாக்கள், கமீலாவுக்குச் சேலை எடுத்து அனுப்பினார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் அரசி பட்டம் தரலாமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருந்த நேரம் அது.

எல்லாமே விளம்பர உத்தி என்று தள்ளிவிடுவதும் சரியாகாது. பிரிட்டிஷ் சமூகமே மாறியிருந்தது. இருமுறை விவாகரத்தான வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக எட்டாம் எட்வர்ட் 1936-ல் முடியைத் துறக்க நேர்ந்தது. விவாகரத்தான பீட்டர் டவுன்சென்டை மணக்கும் எண்ணத்தை இளவரசி மார்கரெட் 1955-ல் கைவிட்டார். எலிசபெத்தின் நான்கு பிள்ளைகளில் மூவர் விவாகரத்தானவர்கள். முன்னாள் துணை உயிரோடிருக்கும்போதே மறுமணம் செய்துகொள்வோருக்குத் தேவாலயக் கதவை, சில நிபந்தனைகளோடு, இங்கிலாந்து திருச்சபை 2002-ல் திறந்தது. கமீலாவின் முன்னாள் கணவர் உயிரோடிருந்தார் என்பதால் இது முக்கியம். ஒவ்வொரு தெருவிலும் முறிந்த மணங்களும் மறுமணங்களும் மாற்றாந்தாய்களும் உள்ள ஒரு சமூகம், அரண்மனையிடம் மட்டும் பழைய அளவுகோலை எத்தனை காலம் நீட்டிக்கொண்டிருக்க முடியும்?

கமீலாவின் நடத்தைக்கும் உரிய மதிப்பைத் தரத்தான் வேண்டும். சார்லஸும் டயானாவும் தொலைக்காட்சியில் தத்தம் தரப்பைச் சொன்னபோதும் அவர் தன் தரப்பைச் சொல்ல முன்வரவில்லை. 1994-ல் தன் தாயைப் பலிகொண்ட எலும்புத் தேய்வு நோயைப் பற்றிய விழிப்புணர்வுப் பணியில் ஈடுபட்டார். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான மையங்களுக்குத் தொடர்ந்து சென்றார். மருத்துவப் பரிசோதனைக்குப் பின் அப்பெண்கள் குளித்து உடைமாற்றத் தேவையான சோப்பு முதலியவை கொண்ட சிறு பைகளை வழங்க ஏற்பாடு செய்தார். மற்றவர்கள் யோசிக்காத, ஆனால் அந்த நேரத்தில் மிகவும் தேவைப்படும் உதவி அது. குடும்ப வன்முறையைப் பற்றி 2024-ல் தொலைக்காட்சி ஆவணப்படமொன்றிலும் பங்கேற்றார். ரிப்பன் வெட்டும் அரச அலுவல்களோடு ஒப்பிட்டால் இவை கனமானவை.

விளம்பரத்தால் மட்டும் எவரையும் காப்பாற்றிவிட முடியாது என்பதற்கு அதே குடும்பத்தில் ஆண்ட்ரூ இருக்கிறார். 1982 ஃபாக்லாந்து போரில் ஹெலிகாப்டர் ஓட்டிய அவர் ஒருகாலத்தில் மக்களின் செல்லப்பிள்ளை. அமெரிக்காவின் ஜெஃப்ரி எப்ஸ்டீனுடன் கொண்ட நட்பு குறித்து 2019-ல் பிபிசிக்கு அவர் அளித்த விளக்கமே அவரைக் கவிழ்த்தது. 2022-ல் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு சிவில் வழக்கை சமரசமாக முடித்துக்கொண்டார். 2025 அக்டோபரில் இளவரசர் பட்டத்தையே சார்லஸ் பறித்தார். ஆக, மக்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை. காதல் விவகாரத்துக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் கமீலாவை மக்கள் மன்னித்துவிட்டார்களா? இதை அவ்வளவு எளிதில் ஏற்பதற்கில்லை. டயானாவுக்காகக் கண்ணீர் விட்டவர்களில் பலர் இன்று முதியவர்கள். அவர் இறந்த பிறகு பிறந்தவர்கள் வாக்காளர்களாகிவிட்டார்கள். அவர்களுக்கு இது பழங்கதை. அந்தப் பழங்கதையும் உயிர்பெறக் கூடியதே என்பது 2020 நவம்பரில் தெரிந்தது. 'தி கிரௌன்' தொடரின் நான்காம் பருவம் டயானாவின் திருமண வாழ்வைக் காட்டியதும், சார்லஸ்-கமீலாவின் சமூக வலைதளப் பக்கங்களில் வசைமாரி பொழிந்தது. மறுபுறம், டயானாவின் 1995 பேட்டி மார்ட்டின் பஷீரால் வஞ்சகமாகப் பெறப்பட்டது என்று 2021-ல் நீதிபதி டைசனின் அறிக்கை கூறியபோது, அப்பேட்டியின் மீதிருந்த நம்பிக்கை சற்றே ஆட்டம் கண்டது. கருத்துக்கணிப்புகளில் வில்லியம், கேத்தரினுக்குக் கிடைக்கும் ஆதரவை கமீலா இன்றுவரை எட்டவில்லை. ஆகவே இது அன்பு அல்ல, பெரும்பாலும் பழக்கம். கோபம் தீர்ந்தது என்பதைவிடக் கோபப்பட அலுத்துவிட்டது என்பதே பொருந்தும்.

இந்த அலுப்பைத்தான் அரண்மனை பயன்படுத்திக்கொண்டது. 2005 உறுதிமொழிக்குச் சட்ட பலம் கிடையாது என்பது அப்போதே தெரிந்ததுதான். மன்னரின் மனைவி அரசியே. அதை மாற்ற வேண்டுமெனில் தனிச் சட்டம் வேண்டும் என்று அன்றைய அரசே நாடாளுமன்றத்தில் விளக்கியது. அந்தச் சட்டம் இயற்றப்படவே இல்லை. 2022 பிப்ரவரி 5-ம் தேதி, தாம் அரியணை ஏறிய 70-ம் ஆண்டு நிறைவை ஒட்டி வெளியிட்ட செய்தியில், உரிய காலம் வரும்போது கமீலா அரசி என்றே அறியப்பட வேண்டும் என்பது தமது மனமார்ந்த விருப்பம் என்று எலிசபெத் தெரிவித்தார். 95 வயது மூதாட்டியின் விருப்பத்தை மறுத்துப் பேச யாருக்கு மனம் வரும்? எதிர்ப்பு வலுவாக இருந்தபோது மக்களுக்குச் சொல்லப்பட்ட சொல், எதிர்ப்பு தளர்ந்தபோது மாமியாரின் ஆசியால் திரும்பப் பெறப்பட்டது. நாடாளுமன்றத்தில் விவாதமில்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களைச் சந்திக்க வேண்டிய அரசியல்வாதிக்கு இப்படிப் பதினேழு ஆண்டுகள் காத்திருக்கும் வசதி கிடையாது. முடியாட்சியின் மிகப் பெரிய சொத்து அரண்மனையோ வைரமோ அல்ல, இந்த அவகாசம்தான்.

வைரம் என்றதும் நமது கோஹினூர் விவகாரத்தையும் பார்த்துவிடலாம். 1849-ல் சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து லாகூர் உடன்படிக்கையின் பேரில் பறிக்கப்பட்ட அக்கல், 1937-ல் ஆறாம் ஜார்ஜின் மனைவியின் மகுடத்தில் பதிக்கப்பட்டது. கமீலா அந்த மகுடத்தை அணியக்கூடும் என்ற பேச்சு இந்தியாவில் சலசலப்பை எழுப்பியது. முடிவில் 1911-ல் மேரி அரசி சூடிய மகுடத்தையே சிறிது மாற்றி, அதில் கல்லினன் வைரங்களைப் பதித்து அணிந்தார். கோஹினூரைத் திருப்பித் தரவுமில்லை, அணிந்து காட்டவுமில்லை. சண்டையைத் தவிர்த்துவிட்டு பொருளை வைத்துக்கொள்வது என்ற அதே அணுகுமுறைதான் இங்கும்.

கமீலாவை ஆபத்தானவர் என்று 2023-ல் வர்ணித்த ஹாரி, பத்திரிகைகளோடு கொண்ட உறவின் மூலமே அவர் தன் பெயரைச் சீர்செய்துகொண்டார் என்று குற்றம் சாட்டினார். அரண்மனை வழக்கம்போல் வாய்திறக்கவில்லை. அடுத்த ஆண்டே சார்லஸுக்குப் புற்றுநோய் என்ற செய்தி வந்தது. 2024 மார்ச்சில் வூஸ்டர் தேவாலயத்தில் பெரிய வியாழன் காணிக்கையை மன்னருக்குப் பதிலாகக் கமீலாவே வழங்கினார். மன்னரின் மனைவி ஒருவர் அச்சடங்கை நடத்தியது அதுவே முதல்முறை. நோயுற்ற கணவரின் கடமைகளைச் சுமக்கும் 76 வயது மனைவி என்ற சித்திரம், எந்த விளம்பர நிபுணரும் திட்டமிட்டுத் தர முடியாதது.

சார்லஸ் பிரிட்டனுக்கு மட்டும் மன்னரல்ல. கனடா, ஆஸ்திரேலியா, ஜமைக்கா உள்ளிட்ட வேறு 14 நாடுகளுக்கும் அவரே மன்னர். எனவே, உறுதிமொழி மாறியது அந்நாடுகளுக்கும் சேர்த்துத்தான். அவற்றின் மக்களிடமும் எவரும் கேட்கவில்லை. பார்படாஸ் 2021 நவம்பரிலேயே குடியரசாகிவிட்டது. மன்னருக்குப் பதிலாகக் குடியரசுத் தலைவரை அமர்த்துவதற்கான மசோதாவை ஜமைக்கா அரசு 2024 டிசம்பரில் தன் நாடாளுமன்றத்தில் வைத்தது. அந்த விவாதத்தில் டயானாவின் பெயரோ கமீலாவின் பெயரோ வர வேண்டிய அவசியமே இல்லை.