முகமூடி வீரனும் லயத்து மக்களும்

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வெளியானது. ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்ற அந்தக் கதையின் நாயகி மாடஸ்டி பிளைசியை வாசகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. சில மாதங்களில் ஸ்பைடர் வந்து சேர்ந்த பிறகுதான் இதழ் காலூன்றியது என்பதை அதன் ஆசிரியர் விஜயனே சொல்லியிருக்கிறார். கூரிய காதுகளும் வலைத் துப்பாக்கியும் அடங்காத அகந்தையும் கொண்ட ஸ்பைடர், குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாகிவிட வேண்டும் என்று புறப்பட்டுப் பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடத் தொடங்கியவன். எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் எந்த நீதவானுக்கும் அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சட்டத்தைக் கையிலெடுக்கும் வீரனோடு ஒரு காமிக்ஸின் முதல் இதழ் இன்று எங்கே வந்தாலும் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒருத்தனாவது திருப்பி அடித்தானே என்று ஒரு பக்கம் மகிழ்கிறது. பிள்ளைகளைக் கெடுக்கிற புத்தகம் என்று மறுபக்கம் கோபிக்கிறது. இலங்கையின் மலையகத்திலிருந்து பார்க்கும்போது, இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வீரன் அடிக்கும்போது, அவன் யாருக்காக அடிக்கிறானோ அந்த மக்கள் எங்கே நிற்கிறார்கள்? அவர்களுக்குக் கதையில் கையும் வாயும் உண்டா, இல்லை காப்பாற்றப்படுவது மட்டும்தான் அவர்கள் வேலையா? ஒரு முதல் இதழை நான் அளப்பது இதைக் கொண்டுதான்.

கைதட்டுகிற வாசகரிடம் நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவது சரியல்ல. தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்பது 2015இல் எழுந்த கோரிக்கை. வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். 2024இல் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அந்த ஆண்டு அது 1,350 ரூபாயில் வந்து நின்றது. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு விடியலிலேயே மலை ஏறுகிற ஒரு பெண்ணின் பார்வையில், சட்டம் என்பது எப்போதும் அடுத்த தவணைக்குத் தள்ளிப்போகிற ஒன்று. அவளுடைய மகன், ஒரே பாய்ச்சலில் கணக்கைத் தீர்த்துவிடுகிற ஒருவனைப் பக்கம் பக்கமாகப் பார்த்துச் சிலிர்த்தால், அந்தச் சிலிர்ப்பு நீதிமன்றங்களின் மேலும் தொழில் திணைக்களத்தின் மேலும் வைக்கப்படும் புகார். அந்தப் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் காமிக்ஸ்காரர்கள் அல்லர்.

ஆனால் அந்தப் பாய்ச்சல் எதைத் தீர்க்கிறது? ஸ்பைடருக்குப் பல கதைகளை எழுதியவர் ஜெரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவரும் அவரே. 1938 ஜூன் மாத இதழில் வெளியான முதல் கதையில் சூப்பர்மேன் வேற்றுக் கிரகத்து அரக்கர்களோடு மோதவில்லை. மனைவியை அடிக்கிற கணவனையும் அரசியல்வாதியை விலைக்கு வாங்குகிற தரகனையும் பிடித்து உலுக்குகிறான். மூன்றாம் இதழில் அவன் ஒரு சுரங்கத் தொழிலாளியாக வேடமிட்டு, முதலாளியையும் அவருடைய விருந்தாளிகளையும் சுரங்கத்துக்குள் சிக்கவைக்கிறான். அபாய மணி அடிக்கவில்லை, மண் சரிகிறது, பட்டுடுத்தியவர்கள் மண்வெட்டி பிடிக்கிறார்கள். வெளியே வந்ததும் முதலாளி மனம் திருந்தி, சுரங்கத்தைப் பாதுகாப்பானதாக்குவதாக வாக்குக் கொடுக்கிறார். இந்தக் கதை கம்பனிக்காரர்களுக்கு உறைக்க வேண்டிய கதை, எனக்கும் பிடித்த கதை. ஆனாலும் அதில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. அந்தச் சுரங்கத்தில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர்கள் கூடிப் பேசுவதில்லை, எதையும் கேட்பதில்லை, வேலையை நிறுத்துவதில்லை. அமெரிக்கச் சுரங்கங்களில் தொழிற்சங்கம் வலுவாக இயங்கிய காலம் அது. கதைக்குள் அதற்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. தோட்டத்துரையின் மனம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைத் தோட்டத்து மக்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்துப் பார்த்தவர்கள். நல்ல துரை மாற்றலாகிப் போனதும் நல்லதும் அவரோடு போய்விட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. சட்டத்தைக் கையிலெடுப்பது காகிதத்தில் இல்லாமல் இந்த மலைகளில் நடந்தபோது அடி யார்மேல் விழுந்தது? 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமைத் திரண்டு வந்த கும்பல் தாக்கியது. அரசின் காவலில் இருந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் தாங்கிய பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்போடு எல்லோரும் விடுதலையானார்கள். வந்து தாக்கியவர்கள் தங்களைக் கொலைகாரர்களாக நினைத்திருக்க மாட்டார்கள். நீதிமன்றம் செய்யாததைத் தாங்கள் செய்வதாகவே நினைத்திருப்பார்கள். முகமூடி வீரனின் தர்க்கமும் அதுவேதான். எண்ணிக்கையில் சிறிய சமூகம் அந்தத் தர்க்கத்தை ரசிக்கும்போது, கை ஓங்கியிருப்பது எப்போதும் தன்னுடையதாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. 1977லும் 1983லும் தாக்கப்பட்ட லயங்களில் இருந்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு பாரம் ஏற்றலாமா, பிள்ளைகளுக்குக் கதை எது நிஜம் எது என்று தெரியாதா என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மார்வெல் நிறுவனத்தின் பனிஷர் 1974இல் பிறந்தபோது அவனைப் படைத்தவர்களில் ஒருவர் ஜெரி கான்வே. அவன் நெஞ்சிலிருக்கும் மண்டையோட்டைப் பிற்காலத்தில் சீருடையிலும் வாகனத்திலும் ஒட்டிக்கொண்டவர்கள் சிறுவர்கள் அல்லர், அமெரிக்கப் பொலிஸாரும் இராணுவத்தினரும். கான்வே அதை வெளிப்படையாகவே கண்டித்தார். சட்டம் தோற்றுப்போனதன் அடையாளமாக எழுதப்பட்டவனைச் சட்டத்தின் காவலர்களே தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவன்தான் இந்தக் கதைகளை உள்ளபடியே எடுத்துக்கொள்கிறான் என்பது என் பயம். சட்டத்தை மீறியவன் வீரனாவதற்கு நம் நாட்டிலும் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. உதுவன்கந்த மலையில் ஒளிந்திருந்து கண்டி வீதியில் கொள்ளையடித்த சரதியல், பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று இன்றும் புகழப்படுகிறான். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனெல்லையில் அவனைப் பிடிக்கப் போனபோது மலாய் இனத்துக் கான்ஸ்டபிள் சபான் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைப் பொலிஸ் தன் வீரர் தினத்தை இன்றும் அந்த நாளிலேயே அனுசரிக்கிறது. அதே ஆண்டு மே மாதம் சரதியலும் அவனுடைய கூட்டாளி மம்மலே மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரே சம்பவத்திலிருந்து மக்களுக்கு ஒரு வீரனும் அரசுக்கு ஒரு வீரரும் கிடைத்தார்கள். மன்னாரில் கரையேறிக் காட்டுவழியே நடந்து வந்து, அதே ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களில் செத்துக்கொண்டிருந்த தமிழ்க் கூலிகளுக்கு இந்த இரண்டு கதைகளிலும் இடமில்லை.

வலுவான மறுப்பு ஒன்று மீதமிருக்கிறது. தொழிற்சங்கங்களைப் புகழ்ந்து என்ன பயன், தலைவர்கள் அமைச்சர்களானார்கள், சந்தாப் பணம் போனது, லயம் லயமாகவே இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வி சரிதான். ஆனால் அதே இளைஞர்கள் 2018 ஒக்டோபரில் என்ன செய்தார்கள்? எந்தத் தலைவருக்கும் காத்திராமல், கறுப்பு உடையோடு கொழும்பு காலிமுகத் திடலில் ஆயிரக்கணக்கில் திரண்டு, தங்கள் தாய்மாருக்காக ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். சங்கங்களின் மேல் நம்பிக்கை போனவர்கள் தனி வீரனைத் தேடவில்லை, ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள். முகத்தை மூடிக்கொண்டு வரவுமில்லை.

கூட்டத்தைக் கதாநாயகனாக்கினால் விற்காது என்று பதிப்பாளர்கள் சொல்லக்கூடும். மாசி மாதத்துக் காமன் கூத்தில் வேடம் கட்டுவதும் கம்பம் ஊன்றுவதும் விடியவிடிய உட்கார்ந்து பார்ப்பதும் அதே தோட்டத்து ஜனங்கள்தான்; அதற்குப் பார்வையாளர் குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. 2014இல் ராம் தேவிநேனி உருவாக்கிய ‘பிரியாஸ் சக்தி’ என்ற காமிக்ஸ் இன்னொரு சான்று. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு கிராமத்துப் பெண் புலிமேல் ஏறி வருகிறாள், ஆனால் பழிவாங்கத் திரியாமல் மற்றவர்களைப் பேச வைக்கிறாள். அந்த முதல் இதழுக்கு உலகெங்கும் வாசகர்கள் கிடைத்தார்கள். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கிற மலையகத்தில் அப்படியொரு நாயகிக்கு என்ன குறை?

நம்மிடம் கதை இல்லாமலும் இல்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். விசாரணைக்கு ஆணைக்குழு அமைந்தது. அவருடைய குடும்பத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா அதன்முன் வாதாடினார். 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பகிரும் திட்டத்தைத் தொழிலாளர்கள் மறித்து நின்றபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார், திட்டம் கைவிடப்பட்டது. இருவரும் தனியாகப் போனவர்கள் அல்லர். அவர்களுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் விழுந்த பிறகும் அந்த ஆட்கள் கலையவில்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் படம் போடத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது முல்லோயாவை முதல் இதழாக வரையட்டும். அதை வாங்கிப் படித்துவிட்டு, பொலிஸை இப்படிக் காட்டலாமா, சங்கத்தை அப்படிக் காட்டலாமா என்று வாசகர்கள் சண்டை போடட்டும். அந்தச் சண்டையில் என் பங்குக்கும் நான் எழுதுவேன்.