பல்லைப் பார்த்து வாங்கினோம்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் திருவிழாவுக்கு எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூட்டமாகத்தான் போவோம். மார்வாரி, கத்தியவார் என்று வடக்கேயிருந்து லாரியில் வந்து இறங்கும் குதிரைகளை நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்போம். நடக்கவிட்டு, ஓடவிட்டு, மேளத்துக்கு ஆடவிட்டுப் பார்ப்போம். எல்லாம் பிடித்துப்போனால் கடைசியில் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்போம். வயது தெரிவது அங்கேதான்.

வாங்கி வந்த பிறகு அந்த வாயை எங்களில் யாரும் மறுபடி திறந்து பார்த்ததில்லை. இதை ஒரு தோட்டத்தின் குற்றமாக நான் எழுதவில்லை. குதிரை வைத்திருப்பதைக் கௌரவமாக நினைக்கும் எங்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

குதிரை சாதாரணமாக 25 முதல் 30 வருஷம் உயிரோடு இருக்கும். அதில் சவாரிக்கும் பந்தயத்துக்கும் ஊர்வலத்துக்கும் நாங்கள் பயன்படுத்துவது பாதிக் காலம். மிச்சப் பாதியைப் பற்றி எங்களுக்கு ஒரு யோசனையும் இருந்ததில்லை. விற்றால் வாங்க ஆளில்லை. தென்னந்தோப்புக்குப் பின்னால் கட்டிப் போடுவோம். சவாரி நின்றதும் லாடக்காரரைக் கூப்பிடுவதும் நின்றுவிடும். லாடம் வேண்டாம் என்றாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அது முன்பக்கம் நீண்டு வளைந்து நடையைக் கெடுத்துவிடும். நடக்கவே விடாத குதிரைக்கு நடை கெட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

எங்கள் உறவில் ஒரு தோட்டத்தில் இருந்த செவலைப் பெண்குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். இளவயதில் அதன் நடையைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அதைக் கேட்டு வாங்கிப்போகாத வீடு எங்கள் சொந்தத்தில் குறைவு. வயதாகித் தோப்புக்குப் பின்னால் போன பிறகு அதற்கு ஒரு துணை வந்து சேர்ந்தது. செங்கல் சூளையில் மண் சுமந்து, கால் நொண்டி, இனி உதவாது என்று அவிழ்த்துவிடப்பட்ட கழுதை. வேலிக்கு வெளியே நின்றது. பிறகு ஒருநாள் உள்ளே நின்றது. யாரும் துரத்தவில்லை.

வெயில் நேரத்தில் இரண்டும் தலையும் வாலுமாக மாறி நிற்கும். அதன் வால் இதன் முகத்து ஈயை ஓட்டும், இதன் வால் அதன் முகத்து ஈயை ஓட்டும். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் ஒன்றையொன்று பல்லால் மெல்லச் சுரண்டிக்கொள்ளும். குதிரைக்கு அந்த இடத்தில் சுரண்டிவிட்டால் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று கிளோடியா ஃபேவும் ழான் த மசியேரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அது வெறும் அரிப்புக்குச் சொறிவது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்த வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. தோட்டத்துக்கு விருந்தாளிகள் வருவார்கள், குதிரைக்குப் பக்கத்தில் கழுதை நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று பேச்சு எழுந்தது. அன்று அங்கே உட்கார்ந்திருந்த மாமன், மச்சான், பங்காளி எல்லோரும் சரி என்றோம். நாலு ஊர் தள்ளி ஒருவர் ஏற்றிக்கொண்டு போக ஒப்புக்கொண்டார். டெம்போ வந்தது, கழுதை போனது. ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் தொட்டியைச் சுற்றி அந்த உருண்டைகள் எங்கள் கண்ணில் பட்டன. பாதி மென்ற சோளத்தட்டு, எச்சில் ஈரத்தோடு, திரித்துப் போட்ட மாதிரி தரையெல்லாம் கிடந்தது. கிழட்டுக் குதிரை தீனியை வீணாக்குகிறது என்றோம். உண்மையில் அது வெகுநாளாகவே அப்படித்தான் துப்பிக்கொண்டிருந்திருக்கிறது. விழுந்ததையெல்லாம் கழுதை பொறுக்கித் தின்றுவிட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. குதிரையின் கடைவாய்ப் பல் தேயத் தேய, உள்ளேயிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். தேய்மானம் சீராக இல்லாவிட்டால் ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வருஷம் ஒருமுறையாவது வாயைப் பார்த்து அரம் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். 25 வயதை ஒட்டி உள்ளே இருக்கும் பல்லும் தீரத் தொடங்கும், அப்போது காய்ந்த தட்டை மெல்லவே முடியாது. ஊறவைத்துக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். செவலைக்கு விலா எலும்பு தெரிந்தது, கண்ணுக்கு மேலே குழி விழுந்தது. வயசாகிவிட்டது என்று சொல்லி நாங்கள் இன்னும் கொஞ்சம் சோளத்தட்டு அள்ளிப் போட்டோம்.

முன்னங்கால்களில், குளம்புக்கு மேல் மூட்டின் முன்பக்கத்தில், புண் வந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டோம். ஆறும், மறுபடி தோல் உரியும். கல்லில் இடித்துக்கொள்கிறது என்று நினைத்துக் கட்டுத்தரையில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கினோம். மாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியம்மா மட்டும், “கழுத போனதுலருந்து குதர ராத்திரி படுக்கறதே இல்லீங்க சாமி” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று அவருக்குப் பாடம் எடுத்தோம்.

குதிரை நின்றுகொண்டு தூங்கும் என்பது பாதிதான் சரி. காலை மடங்காமல் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருப்பதால் அது நின்றபடி கண்ணயரும். ஆழ்ந்த தூக்கத்துக்கு, கனவு காணும் அந்தத் தூக்கத்துக்கு, அது படுத்தே ஆகவேண்டும். நாளைக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் அந்த அரை மணி நேரம் இல்லாமல் முடியாது. ஆபத்தில்லை என்று நம்பினால்தான் அது படுக்கும். கூட்டமாக இருக்கும்போது மற்றவை படுத்தால் ஒன்றாவது நின்று காவல் பார்க்கும். தோப்பில் அந்தக் காவலுக்கு இருந்தது கழுதை. அது போனபின் செவலை இரவிரவாக நின்றது. தூக்கம் தாங்காமல் முன்னங்கால் மடிந்து தரையில் உரசி விழப்போய், திடுக்கிட்டு எழுந்து மறுபடி நின்றது. அந்த உரசல்தான் புண். தூங்காத குதிரையின் கால் அது என்று சொல்ல, புண்ணுக்காகக் கூப்பிட்ட கால்நடை மருத்துவர் வரவேண்டியிருந்தது. அவர்தான் அதன் வாயையும் திறந்து பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது.

கழுதையைத் திரும்பக் கேட்டுப் போனோம். கொண்டுபோன முதல் வாரத்திலேயே தீனி எடுக்காமல் செத்துப்போனது என்றார்கள். யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. கழுதை நோயை வெளியே காட்டாத பிராணி. காட்டும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். துணையைப் பிரிந்த கழுதை தின்பதை நிறுத்தினால் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பு ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெளிநீர் பால்போல வெளுத்திருக்கும். ஈரலும் சிறுநீரகமும் கெட்டு, சில நாளில் உயிர் போய்விடும். இங்கிலாந்தின் சிட்மவுத்தில் 1969இல் தொடங்கப்பட்ட கழுதைக் காப்பகம், ஜோடியில் ஒன்று செத்தால் உடலை உடனே எடுத்துவிடாதீர்கள், மற்றது தானாக விலகிப் போகும்வரை பக்கத்தில் இருக்கவிடுங்கள் என்று வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறது. நாங்கள் உயிரோடிருந்த ஜோடியையே ஒரு மத்தியானத்தில் பிரித்தோம்.

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, வளர்ப்பவன் போதுமான தீனியும் தண்ணீரும் நிழலும் தராவிட்டால் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அந்தச் சட்டப்படி பார்த்தாலும் எங்கள்மேல் வழக்குப் போட யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். தொட்டி நிறையத் தட்டு இருந்தது, தண்ணீர் இருந்தது, தோப்பின் நிழல் இருந்தது. பக்கத்தில் இன்னொரு உயிர் இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை. கேட்கவேண்டிய நாங்களும் கேட்கவில்லை.

முன்பு ஜட்கா ஸ்டாண்டில் பத்துக் குதிரைகள் ஒன்றாக நின்றன. வண்டிக்காரர் எத்தனை ஏழையாக இருந்தாலும் அவருடைய குதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரை இருந்தது. இன்று தோட்டத்துக்கு ஒன்று, அதுவும் தனியாக. 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் சுமார் 3.4 லட்சம். கழுதைகள் 3.2 லட்சத்திலிருந்து 1.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டன. எண்ணிக்கை குறைவதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேசுவோம். மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் மற்றொன்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பேசியதே இல்லை. மெரினாவிலும் ஊட்டியிலும் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்களுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குதிரை ராத்திரி எங்கே, யாருடன் நிற்கிறது என்று நாம் கேட்டதில்லை.

செவலைக்கு இப்போது பல்லைத் தேய்த்துவிட்டாயிற்று. தவிடும் ஊறவைத்த கொள்ளும் குழைத்து வைக்கிறார்கள். துணைக்கு என்று ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டினோம். செவலை அதைக் கடித்து விரட்டியது. அமெரிக்காவின் பெயர்பெற்ற பந்தயக் குதிரை சீபிஸ்கட்டுக்கும் 1936இல் பயிற்சியாளர் டாம் ஸ்மித் முதலில் ஆட்டைத்தான் துணையாக விட்டார். அது ஆட்டைப் பல்லால் கவ்வித் தூக்கி வெளியே போட்டது. பிறகு பம்ப்கின் என்ற குதிரையை விட்டபோது ஏற்றுக்கொண்டது. நாங்கள் கொடுக்கும் துணையை அது எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்து விட்ட வெள்ளாட்டைச் செவலை விரட்டவில்லை. புண் ஆறி வருகிறது.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் தனியாகக் கட்டிக் கிடக்கும் கிழக்குதிரைகள் யார் யார் தோட்டத்தில் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து அவிழ்த்துவிடலாம் என்று போன மாதம் ஒரு வீட்டுத் திண்ணையில் பேசினோம். இரண்டு பேர் நிலம் தருகிறேன் என்றார்கள். வேலிக்கும் லாடக்காரருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை பல் பார்ப்பதற்கும் தலைக்கு எவ்வளவு போடுவது என்று வந்தபோது பேச்சு நின்றது. சந்தையில் ஒரு குதிரைக்கு லட்சக்கணக்கில் பேரம் பேசும் நாங்கள் இதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். அந்தக் கூட்டம் ஆடிக்கு முன்னால் நடந்தாக வேண்டும்.